பஸ்ஸர் அடிக்கவில்லை

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் பூச்சு உரிந்துவிட்டது.

சூளையிலிருந்து எடுத்தபோது குழாய் கண்ணாடிபோல் மின்னியது. ஜீனத் நகத்தால் லேசாகத் தொட்டாள். வெங்காயச் சருகுபோல் எழும்பிக் கையோடு வந்துவிட்டது. "குழாய் வழவழன்னு இருக்கு அக்கா, மெட்டல் எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்?" என்றாள். குழாய் என்னுடைய வேலை, பூச்சு அவளுடைய வேலை. "உன் கரைசல்ல என்ன இருக்கோ" என்றேன். மதியம் வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பிறகு அவள் டப்பாவைத் திறந்து கத்தரிக்காய்ப் பச்சடி கொடுத்தாள். சாப்பிட்டேன்.

தொழிற்சாலைக் குறிப்பேட்டில் சூட்டையும் அழுத்தத்தையும் தவிர வேறு எதுவும் எழுத முடியாது. மற்றதெல்லாம் இனி இங்கே.

ஜூன் 5, வியாழன்

நாங்கள் செய்வது என்ன என்று இவர் கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் வேலையைப் பற்றி இவர் கேட்பது அபூர்வம். விருத்தாசலத்தில் பீங்கான் வேலை என்றால் யாருக்கும் புதிதாக விளக்க வேண்டியதில்லை. நானும் ஃபியூஸ் கட்டைகளைத்தான் செய்துகொண்டிருந்தேன். எங்கள் முதலாளி கொளஞ்சிநாதன் சார் போன வருடம் ஓசூர் கம்பெனி ஒன்றிடமிருந்து இந்த வேலையைப் பிடித்துவந்தார்.

"கலந்து வர்ற வாயுவுலேர்ந்து ஹைட்ரஜனை மட்டும் பிரிச்சு எடுக்கணும். அதுக்கு ஒரு குழாய். வெள்ளைப் பீங்கான்ல, பொடிப்பொடி துளையோட. அது மேல பல்லேடியம்னு ஒரு உலோகத்தை முடியைவிட மெல்லிசா பூசணும். சூடு ஏத்தினா ஹைட்ரஜன் மட்டும் உள்ள போகும். வேற எதுவும் போகாது."

"ஓட்டை இல்லாம எப்பிடிப் போகும்?"

"ரெண்டா பிரிஞ்சு உலோகத்துக்குள்ள நுழைஞ்சு, அந்தப் பக்கம் வந்து திரும்ப சேர்ந்துக்கும்."

கொஞ்சம் யோசித்தார். "நம்ம கட்டில் வாசல்ல நுழையாம, கழட்டி உள்ள கொண்டுபோய் மாட்டினமே, அந்த மாதிரி" என்றார். ரயில்வேயில் சிக்னல் பார்க்கிற மனிதர். நான் நாலு பக்கத்தில் எழுதியிருந்த விளக்கத்தைவிட இது நன்றாக இருந்தது.

இவருடைய குரல் வரவர மிகவும் தணிந்துவிட்டது. வயதாகிறது, பாவம்.

ஜூன் 9, திங்கள்

ஜீனத் பரங்கிப்பேட்டையிலிருந்து பக்ரீத் பிரியாணி கொண்டுவந்தாள். பெருநாளுக்கு அம்மா வீட்டில் இருந்தபோதும் அவள் மண்டையில் குழாய்தான் ஓடியிருக்கிறது. பூசும்போது குழாயின் உள்பக்கம் காற்றை மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருந்தால், உலோகம் துளைகளுக்குள் வேர்விட்டதுபோல் இறங்கிப் பிடிக்கும் என்கிறாள். அதற்குக் குழாயின் மேல்தோல் இன்னும் நுண்ணிய துளைகளோடு வேண்டும். அது என்னால் முடியும். இருவரும் பிரியாணிக் கையோடு படம் போட்டுக்கொண்டிருந்ததை முதலாளி பார்த்துவிட்டார். "வரைபடத்துல எண்ணெய் இருக்கு மேடம்" என்றார்.

குக்கர் வெயிட் கெட்டுவிட்டது. பருப்பு அடிப்பிடித்தது. விசில் வரவே இல்லை.

ஜூன் 12, வியாழன்

நேற்று இவர் போனில் மருந்து வாங்கிவரச் சொன்னார். இருமலுக்கு நல்லதாக ஒன்று வாங்கிவந்தேன். வாங்கி, பார்த்து, அலமாரியில் வைத்துவிட்டார். காலையில் இட்லிக்கு உளுந்து இல்லை. உப்புமா.

சமைக்கும்போது இவர் அடிக்கடி அடுக்களைக்குத் தண்ணீர் குடிக்க வருகிறார். வந்தால் குடிப்பதும் இல்லை. அடுப்பைச் சிறிதாக்கிவிட்டுப் போகிறார். ஓய்வு பெறும் வயது நெருங்கினால் ஆண்களுக்கு இப்படித்தான் ஆகும்போல.

ஜூன் 14, சனி

பிடித்துக்கொண்டது!

குழாயின் ஒரு முனையை அடைத்து, தண்ணீருக்குள் வைத்து, உள்ளே நைட்ரஜனை அழுத்தத்தோடு விட்டோம். ஒரு குமிழிகூட வரவில்லை. ஜீனத் தொட்டிக்குள் தலையை விடாத குறை. நகத்தால் சுரண்டினாள். வரவில்லை. நான் சுரண்டினேன். வரவில்லை. கொளஞ்சிநாதன் சார் தன் பங்குக்குச் சுரண்ட வந்தார். இருவரும் சேர்ந்து தடுத்தோம்.

ஆகஸ்டில் நான்கு குழாய்களை ஒரே கட்டாக ஓசூருக்கு ஒப்படைக்க வேண்டும். அவர்களுக்குப் பிடித்தால் சார் இரண்டாவது சூளையை இந்த வேலைக்கே ஒதுக்குவாராம். இத்தனை வருடம் ஃபியூஸ் கட்டையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எப்போது முடியும் என்று காத்திருந்ததும் இல்லை. இப்போது காத்திருக்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

மகள் கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். அந்தக் காலத்து டிரங்க் கால்கூட இதைவிடத் தெளிவாக இருக்கும். வாய்க்குள்ளேயே பேசுகிறாள். "சரி, சரி" என்று சொல்லி வைத்தேன். பத்து நிமிடம் கழித்து இவர் வந்து, "எதுக்கு சரின்னு சொன்ன? அவ வேலையை விடலாமான்னு கேட்டிருக்கா" என்றார்.

மறுபடி பேசி, விட வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

ஜூன் 25, புதன்

குழாய் போய்விட்டது.

எழுதப் பிடிக்கவில்லை. எழுதினால்தான் தூக்கம் வரும்.

காலையில் சோதனை அடுப்பில் ஏற்றினோம். முதலில் நைட்ரஜனில் சூடாக்கி, நானூறு டிகிரி வந்த பிறகு ஹைட்ரஜனைத் திறந்தோம். மறுபக்கம் அளவுமானி நகர்ந்தது. ஜீனத் என் கையைப் பிடித்து அழுத்தினாள். எங்கள் குழாய் வழியாக முதல் ஹைட்ரஜன்.

இதில் ஒரே ஒரு விதி உண்டு. பல்லேடியம் ஹைட்ரஜனோடு இருக்கும்போது சூடு முந்நூறுக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் உலோகம் உப்பி, வெடித்துவிடும். அதற்காகவே ஒரு பஸ்ஸர் வைத்திருக்கிறோம். அது அடித்ததும் ஹைட்ரஜனை மூடி நைட்ரஜனைத் திறக்க வேண்டும். ஒரு நிமிட வேலை.

மதியம் ஜீனத் தொழப் போனாள். நான் அளவுமானியைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தேன். அடுப்பின் ஃபியூஸ் போய்விட்டது. நாங்களே செய்த கட்டை, வேடிக்கைதான். சூடு இறங்கியிருக்கிறது. சூட்டைக் காட்டும் பேனல் என் முதுகுப் பக்கம் இருந்தது. பஸ்ஸர் அடிக்கவில்லை. ஜீனத் எங்கிருந்தோ ஓடிவந்து என்னைத் தாண்டிப் பாய்ந்து வால்வை மூடினாள். அதற்குள் போய்விட்டது. ஆறிய பிறகு வெளியே எடுத்தோம். மேலிருந்து கீழ்வரை நீளமாக ஒரு விரிசல்.

"பஸ்ஸர் அடிக்கவே இல்ல" என்றேன். ஜீனத் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜூன் 26, வியாழன்

எலெக்ட்ரீஷியன் வந்து பஸ்ஸரை அடித்துக் காட்டினார். சாரும் ஜீனத்தும் முகத்தைச் சுளித்துக்கொண்டார்கள். எனக்கு லேசாக என்னவோ கேட்டது. இவ்வளவு சன்னமாக அடித்தால் எப்படி? புதிதாக ஒன்று வாங்கச் சொன்னேன். சார் தரையைப் பார்த்தபடி "வாங்கிடலாம் மேடம்" என்றார்.

ஜூலை 1, செவ்வாய்

புதிய பஸ்ஸர் வந்திருக்கிறது. கம்பெனிக்காரர்கள் எல்லோருமே இப்போது தரத்தைக் குறைத்துவிட்டார்கள்.

ஜூலை 2, புதன்

இரண்டாவது குழாய் தயார். சோதனையைத் தொடங்கலாம் என்றேன். ஹைட்ரஜன் சிலிண்டரின் சாவியைக் காணோம். எல்லா இடத்திலும் தேடினேன். கடைசியில் ஜீனத் தன் கைப்பையைத் திறந்து காட்டினாள். அதற்குள் இருந்தது.

"என்ன விளையாட்டு இது?"

அவள் கதவைச் சாத்திவிட்டு என் எதிரில் வந்து நின்றாள். இப்போதெல்லாம் எதைச் சொன்னாலும் சுற்றிவந்து எதிரில் நின்றுதான் சொல்கிறாள்.

"அக்கா, அன்னிக்கு பஸ்ஸர் அடிச்சுது."

"அடிக்கல."

"நான் தொழுதுக்கிட்டு இருந்தேன். சுவருக்கு அந்தாண்ட. எனக்குக் கேட்டுச்சு. தொழுகையைப் பாதியில விட்டுட்டு ஓடி வந்தேன். நீங்க அதுக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க."

நான் கணக்குப் பார்க்கிற பாவனையில் ஏதோ தாளை எடுத்தேன். அவள் அதை வாங்கிக் கீழே வைத்தாள்.

"குழாய் போனா இன்னொண்ணு பண்ணலாம். ரூம்ல கேஸ் கசிஞ்சாலும் இதே மாதிரி பீப்புதான் அடிக்கும். ஹைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. பத்திக்கிட்டாக்கூட வெளிச்சத்துல நெருப்பு கண்ணுக்குத் தெரியாது. உங்களுக்கும் எனக்கும் அந்தச் சத்தம் ஒண்ணுதான் காவல். எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்குக்கா."

எனக்குக் கோபம் வந்தது. என்ன சொன்னேன் என்று எழுத விரும்பவில்லை. வயதில் சிறியவள் என்பது அதில் வந்தது. அவள் அழவும் இல்லை, சாவியைத் தரவும் இல்லை. நான் சீக்கிரமே கிளம்பி வந்துவிட்டேன்.

சாப்பிடும்போது இவரிடம் கேட்டேன். "எனக்குக் காது கேக்கலன்னு ஜீனத் சொல்றா. நீங்க என்ன சொல்றீங்க?"

இவர் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தார். பிறகு நிமிர்ந்து, நன்றாக வாயைத் திறந்து சொன்னார்: "நான் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போயி, அந்த முருகனுக்கே பிராது எழுதிக் கட்டிட்டு வந்துட்டேன். 'அவளா ஒத்துக்கிட்டா போதும்'னு."

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"குக்கருக்கு நான் விசில் எண்ண ஆரம்பிச்சதுலேர்ந்து."

அப்போதுதான் புரிந்தது, இவர் அடுக்களைக்கு வந்தது தண்ணீருக்காக இல்லை.

ஜூலை 4, வெள்ளி

புதுச்சேரி. காதுப் பரிசோதனைக்கு இவரும் கூட வந்தார். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன். பிறகு வெகுநேரம் அமைதியாக இருந்தது. சோதனை முடிந்துவிட்டதோ என்று கண்ணாடி வழியே பார்த்தேன். சோதிக்கிற பெண் இன்னும் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தாள். இவர் அவளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இவர் முகத்தைப் பார்த்ததும் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

டாக்டர் இளம்பெண். "எந்த மாதிரி இடத்துல வேலை பண்றீங்க?" என்றாள். பால் மில்லைச் சொன்னேன். கூழாங்கற்களைப் போட்டு மண்ணை அரைக்கும் இரும்பு உருளை. அது சுற்றினால் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. என் மேசை அதை ஒட்டித்தான் கிடந்தது.

"மூக்குக்கு மாஸ்க் போட்டீங்களா?"

"தவறாம."

"காதுக்கு?"

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே எழுதிக்கொண்டாள். மெல்லிய, கீச்சென்ற சத்தங்கள்தான் முதலில் போகுமாம். விசில், பஸ்ஸர், குருவி, பேச்சில் வல்லெழுத்துகள். அதனால்தான் எல்லோரும் வாய்க்குள் பேசுவதுபோல் தோன்றுமாம்.

திரும்பும்போது பஸ்ஸில் இவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன். நிம்மதியான தூக்கம். ஏன் என்று தெரியவில்லை.

ஜூலை 11, வெள்ளி

காதில் கருவி.

பாலிதீன் பையை யாரும் தொடக் கூடாது என்று சட்டம் போட வேண்டும். காதுக்குள் பட்டாசு வெடிப்பதுபோல் இருக்கிறது. என் செருப்பு இப்படிச் சரக்சரக் என்று தேயுமா? இந்த நோட்டில் பேனா ஓடுவதுகூடக் கேட்கிறது. இவர் தணிந்த குரலில் பேசவே இல்லை, நன்றாகவே பேசுகிறார். குளிக்கும்போது பாடவும் செய்கிறார், மட்டமாக.

ஜீனத்திடம் நேராகப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துவைத்திருந்தது எதுவும் வரவில்லை. தலைமுடியை ஒதுக்கிக் காதைக் காட்டினேன். அவள் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, "கலர் நல்லா மேட்ச் ஆகுதுக்கா" என்றாள். கைப்பையைத் திறந்து சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். அவ்வளவுதான்.

மதியம் எனக்கும் சேர்த்து மீன் வைத்திருந்தாள்.

ஜூலை 14, திங்கள்

பால் மில்லில் வேலை செய்கிற எல்லோருக்கும் காதடைப்பான் வாங்கச் சொல்லி சாரிடம் கேட்டேன். என் மேசையையும் வேறு அறைக்கு மாற்றச் சொன்னேன். பஸ்ஸரோடு சேர்ந்து சுழலும் சிவப்பு விளக்கு ஒன்றும் வேண்டும் என்றேன், எனக்கு நேர் எதிரே. எல்லாவற்றுக்கும் சரி என்றார். "விளக்கு ஆம்புலன்ஸ் மாதிரி இருந்தா பரவால்லையா?" என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

ஜூலை 19, சனி

ஆடி பிறந்துவிட்டது. ஊரெல்லாம் ஒலிபெருக்கி. கருவியைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு நிம்மதியாகக் குழாய்களுக்குக் கசிவுத்தடுப்பு வளையம் மாட்டினேன். இந்த வசதி வேறு யாருக்கு உண்டு!

நான்கு குழாய்களும் பூசி முடிந்தன. ஜீனத் பூச்சில் கொஞ்சம் வெள்ளியும் சேர்த்திருக்கிறாள். சூடு இறங்கினாலும் முன்போல் சட்டென்று வெடிக்காது.

ஜூலை 28, திங்கள்

நான்கும் ஒரே கட்டாக அடுப்பில். காலையில் ஏற்றியது சாயங்காலம் வரை ஓடியது. ஒரு பக்கம் கலப்பு வாயு, மறுபக்கம் ஹைட்ரஜன் மட்டும். நைட்ரஜன் கசிவு அளவுமானிக்கு எட்டும் அளவில்கூட இல்லை.

நடுவில் ஜீனத் என்னிடம் சொல்லாமல் சுவிட்சை அணைத்துச் சூட்டை இறக்கியிருக்கிறாள், சோதனைக்காக. விளக்கு சுழல்வதற்கு முன்பே என் கை வால்வில் இருந்தது. கீச்சென்று, பல்லைக் கூசவைக்கும் சத்தம். இதையா சன்னம் என்றேன்?

"என்னைச் சோதிக்கிறியா?"

"பஸ்ஸரைத்தான்க்கா" என்றாள். முகத்தில் ஒரு சிரிப்பு.

ஆறிய பிறகு எடுத்துப் பார்த்தோம். விரிசல் இல்லை. கொளஞ்சிநாதன் சார் தூரத்திலேயே நின்று, "சுரண்டலாமா?" என்று அனுமதி கேட்டார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஓசூர். வேனில் குழாய்களை மடியில் வைத்துக்கொண்டே வந்தோம். குண்டு குழி வரும்போதெல்லாம் ஜீனத் ஏதோ ஓதினாள்.

பெரிய ஆலை. அவர்களுடைய எந்திரத்தில் பொருத்த காலை முழுக்க ஆனது. சுற்றிப் பத்துப் பதினைந்து பேர், எல்லோரும் தலைக்கவசத்தோடு. தொடங்கும் முன் எப்படிச் சூடேற்ற வேண்டும், எப்போது வாயுவைத் திறக்க வேண்டும் என்று நான் விளக்கினேன். கடைசியில், "எனக்கு இந்த பஸ்ஸர் சத்தம் காதுல கருவி இல்லாம கேக்காது. உங்கள்ல யாருக்காவது அப்படி இருந்தா சொல்லிடுங்க, விளக்கும் சேத்து வச்சுக்கலாம்" என்றேன். இவ்வளவு பேர் முன்னால் சொல்ல வேண்டும் என்று திட்டம் எதுவும் இல்லை. வாயில் வந்துவிட்டது. யாரும் கை தூக்கவில்லை. சிலர் சிரித்தார்கள். ஜீனத் சிரிக்கவில்லை. என் பக்கம் ஒரு அடி நகர்ந்து நின்றாள்.

குழாய்கள் ஓடின. அவர்கள் கேட்டிருந்ததைவிடக் கொஞ்சம் கூடவே ஹைட்ரஜன் வந்தது. அவர்களுடைய தலைமைப் பொறியாளர் அளவுமானியை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டுச் சாரிடம் கைகுலுக்கினார். சார் அந்தக் கையோடு எங்களிடம் வந்து எங்களுக்கும் குலுக்கினார். அடுத்த கட்டுக்கு எத்தனை குழாய் முடியும் என்று அங்கேயே பேச்சு தொடங்கிவிட்டது. இரண்டாவது சூளை உறுதி.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் எங்கள் சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் மட்டும் போகாமல் நின்றார். ஐம்பது வயது இருக்கும். கம்ப்ரஸர் இயக்குகிறவர், சட்டையில் மாதப்பன் என்று பெயர் தைத்திருந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"மேடம், அந்தக் காது மிஷினு எங்க வாங்குனீங்க?"

"பாண்டிச்சேரியில. யாருக்கு?"

"எனக்கில்லைங்க. மச்சானுக்கு. வூட்ல டிவியை ரொம்ப சத்தமா வெக்கிறான்னு சண்டைங்க."

"உங்க மச்சான் எங்க வேலை பாக்குறாரு?"

"இங்கதானுங்க, கம்ப்ரஸர்ல."

அந்தக் கம்ப்ரஸர் அறையை வரும்போதே பார்த்திருந்தேன். ஒரே ஒரு நாற்காலிதான் கிடந்தது.

கருவியைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன். புளியங்கொட்டை அளவு. இவ்வளவுதானா என்பதுபோல் புரட்டிப் பார்த்தார். ஏதோ கேட்டார். பின்னால் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, கருவியும் காதில் இல்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வலிக்காது" என்றேன், அதைத்தான் கேட்டிருப்பார் என்று. நான் சொன்னது அவருக்கும் கேட்டிருக்காது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டிக்கொண்டோம்.

சட்டை நுனியில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். காதில் மாட்டிக்கொண்டேன்.

"கிருஷ்ணகிரியிலயே பாப்பாங்க, பெரியாஸ்பத்திரியில கேளுங்க" என்று உரக்கச் சொன்னேன். "மச்சானைத் தனியா அனுப்பாதீங்க. நீங்களும் கூடப் போங்க."